கிழக்கு வாசல்

ஆயிரத்து எண்ணூறுகளின் தொடக்கத்தில் லண்டனில் கட்டடம் கட்டியவர்கள் சமச்சீருக்கு உயிரையே விடுவார்கள். மேற்கில் ஒரு கதவு வைத்தால் கிழக்கிலும் ஒன்று வேண்டும். தேவையில்லாத இடத்தில் சுவரிலேயே கதவு மாதிரிச் செய்துவிடுவார்கள். அந்தப் பொய்க் கதவுகள் மேல் எனக்குத் தனிப் பிரியம். ஒன்றைத் தவிர.

நான் சிவரூபினி, கோயில் சபையின் ஆர்க்கிடெக்ட். கோயிலுக்காக நாங்கள் பார்த்து வைத்திருந்த மண்டபம் 1823இல் கட்டியது. அம்மன் கிழக்கு நோக்கி இருக்க வேண்டும். வாசலும் கிழக்கே வேண்டும். கிழக்கில் இருந்ததோ பொய்க் கதவு. பாதுகாக்கப்பட்ட கட்டடம் என்பதால் அதைத் திறக்கக் கவுன்சில் சம்மதிக்க வேண்டும். கவுன்சில் அதிகாரி ஹெலன் இரண்டு முறை மறுத்துவிட்டார். மூன்றாம் முறையும் மறுத்தால் சபை மண்டபத்தைக் கைவிடும். என் மூன்று வருட உழைப்பும் போய்விடும். விட்டுக்கொடுக்கும் எண்ணம் எனக்குத் துளியும் இல்லை.

அன்று ஹெலன் மறுபடி பார்க்க வந்தார். நான் உள்ளே போகும்போதே சபைத் தலைவர் பத்மநாதன் தடுத்தார்.

"பிள்ளை, சப்பாத்தைக் கழட்டிப்போட்டு வாங்கோ."

"அம்மன் இன்னும் வரேல்லையே, ஐயா!"

"வரப்போற இடம்தானே."

எரிச்சலோடு கழற்றினேன். ஜனவரிக் குளிர் உள்ளங்காலைக் கடித்தது. ஹெலனிடம் மட்டும் அவர் ஒன்றும் சொல்லவில்லை, விருந்தாளியாம்.

"இது கட்டும்போதே பொய்க் கதவுதான்," என்றார் ஹெலன் ஆங்கிலத்தில். "உடைக்க விடமாட்டேன்."

பதில் சொல்ல நான் கதவடிக்குப் போய், கறுப்புப் பெயின்ட் அப்பிய வாசற்கல்லில் ஏறினேன். கால் நடுவில் இறங்கியது. கல் குழிந்திருந்தது. எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது.

அளவெடுக்கும் என் இரும்பு அடிமட்டத்தைக் கல்லின் மேல் குறுக்கே வைத்தேன். ஓரங்களில் ஒட்டி நின்றது. நடுவில் என் சுண்டுவிரல் நுழைந்தது.

"பொய்க் கதவால் யாரும் நடப்பதில்லை, ஹெலன். இந்தக் கல் தேயும் அளவுக்கு ஆட்கள் போய் வந்திருக்கிறார்கள். இது வாசல். பிறகுதான் யாரோ அடைத்திருக்கிறார்கள்."

ஹெலன் குனிந்து பார்த்தார். நம்பவில்லை. மெதுவாகச் சப்பாத்தைக் கழற்றிவிட்டுக் கல்லில் ஏறி நின்றார். அவர் பாதமும் அந்தக் குழிக்குள் இறங்கியது.

பிறகு சுவரைத் தட்டியபடி கேட்டார்:

"எந்தச் செங்கல்லை முதலில் எடுக்கப் போகிறீர்கள்?"