பட்டினி போட்டு வளர்த்த மொட்டை மாடி

எங்கள் கட்டிடத்தில் யாரும் யாரையும் பெயர் சொல்லிக் குறை சொல்ல மாட்டோம். துணி துவைக்கும் அறையில் ஒருத்தர் முறையில் இன்னொருத்தர் புகுந்துவிட்டால், "சில பேர் கவனிக்க வேண்டும்" என்று சீட்டு எழுதிக் கதவில் ஒட்டுவோம். அந்தச் சில பேர் யார் என்பது எல்லோருக்கும் தெரியும். விண்டர்தூர் நகரத்தில் கூட்டுறவு வீடுகளில் குடியிருப்பது என்றால் இதுதான், இதில் நாங்கள் பெருமைப்படவும் செய்கிறோம்.

நான்காம் மாடி ரெகுலா ஹோட்ஸ் எங்கள் மொட்டை மாடிப் புல்வெளியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பகலில் மருந்துக்கடை வேலை, மாலையில் மாடி. மூன்று வருஷத்துக்கு முன்பு மாடி முழுக்க சோலார் பேனலைச் சாய்த்துப் பரப்பிவிடலாம் என்று நிர்வாகக் குழு கிளம்பியபோது, ஒற்றை ஆளாக நின்று மல்லுக்கட்டியவள் அவள்தான். "படுக்க வைக்காதீங்க, நிக்க வைங்க. கிழக்கையும் மேற்கையும் பாத்து வேலி மாதிரி நிக்கட்டும். காலையில ஒரு முகம், சாயங்காலம் ஒரு முகம். நடுவுல என் செடிங்க இருந்துட்டுப் போகட்டும்" என்றாள். கரண்டும் வேண்டும், பூவும் வேண்டும், இரண்டும் ஒரே கூரையில் வாழும் என்று வீடு வீடாக ஏறி இறங்கிச் சொன்னாள். ஜெயித்தாள்.

வாழவும் செய்தன. வெளுத்த இலைச் செடிகள் வெயிலைத் திருப்பி பேனலின் மேல் அடித்தன. பேனல் நிழலில் ஈரம் கொஞ்சம் தங்கியது. மணல் மேட்டில் காட்டுத் தேனீ பொந்து போட்டது. இதற்கெல்லாம் ஒரே நிபந்தனை, அந்த மண்ணுக்குச் சோறு போடக் கூடாது. மண் கொழுத்தால் செடி உயரும், உயர்ந்தால் பேனலை மறைக்கும். "பட்டினி போட்டாத்தான் இது பொழைக்கும்" என்பாள் ரெகுலா. எங்களுக்கு அது வேடிக்கையாக இருக்கும்.

போன கோடையில் அவள் அம்மா இடுப்பு எலும்பை முறித்துக்கொண்டார். ரெகுலா கோடை முழுக்க மலைப்பக்கம் அம்மா வீட்டில் போய் இருக்க வேண்டியதாயிற்று. ஊருக்குப் போகிறவர் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுப்பதும், அவர்கள் பூந்தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றுவதும் எங்கள் வழக்கம். சாவி எதிர்வீட்டு ட்ரூடி ஏஷ்லிமனிடம் போனது. ட்ரூடியின் பால்கனியில் தொங்கும் சிவப்பு ஜெரேனியத்தைப் பார்க்கத் தெருவில் நின்றுவிட்டுப் போகிறவர்கள் உண்டு. அவ்வளவு கைராசி.

"மாடியில ஒண்ணும் செய்ய வேண்டாம் ட்ரூடி, வீட்டுக்குள்ள இருக்கிற தொட்டிக்கு மட்டும்" என்று ரெகுலா சொல்லிவிட்டுத்தான் போனாள். ஆனால் அந்த வருஷம் வெயில் கொளுத்தியது. மாடியில் எல்லாம் பழுப்பாகக் காய்ந்து கிடப்பதைக் கண்டு ட்ரூடிக்கு மனசு கேட்கவில்லை. தினமும் குழாய் வைத்து நனைத்தாள். தண்ணீரோடு ஜெரேனியத்துக்குப் போடும் உரத்தையும் கலந்து ஊற்றினாள். தன் காசில்.

ரெகுலா திரும்பி வந்து மாடிக் கதவைத் திறந்தபோது, மார்பு உயரத்துக்குப் புல்லும் களையும் நின்றன. பேனல்கள் பாதிக்கு மேல் மறைந்திருந்தன. அவள் செடிகள் அடியில் அழுகிக் கிடந்தன.

"எவ்வளவு பச்சையா இருக்கு பாத்தியா?" என்றாள் ட்ரூடி, பின்னாலேயே ஏறி வந்து. "நீ வந்து பாத்தா சந்தோஷப்படுவேன்னு நெனச்சேன்."

ரெகுலா கீழே இறங்கினாள்.

கரண்டு குறைந்ததை நிர்வாகத் தலைவர் பாஹோஃபன் கைபேசியில் பார்த்துவிட்டார். பொதுக்குழுவுக்கு ஒரு யோசனை கொண்டுவந்தார். மண்ணை வாரிக் கொட்டிவிட்டு, பாய் போலச் சுருட்டி வரும் செடி விரிப்பை விரித்துவிடலாம். ஒரே ஜாதிச் செடி, விரல் உயரம் தாண்டாது. கூரை பச்சையாக இருக்க வேண்டும் என்ற நகரச் சட்டத்துக்கும் அது போதும். ரெகுலா இரண்டு வருஷம் அவகாசம் கேட்டாள். களையைப் பிடுங்கி, மறுபடி பட்டினி போட்டு, மீட்டுத் தருகிறேன் என்றாள். கூட்டம் அவள் பக்கம்தான் சாய்ந்திருந்தது. என் கண்ணால் பார்த்தேன், பாதிப் பேருக்கு மேல் தலையாட்டினார்கள்.

பின் வரிசையிலிருந்து ஒருவர், "இதுவரைக்கும் நல்லாத்தானே இருந்துச்சு, திடீர்னு ஏன் இப்படி ஆச்சு?" என்று கேட்டார்.

பாஹோஃபன் நல்ல மனுஷர், உடனே எடுத்துக் கொடுத்தார். "இந்த வருஷம் வெயில் ஒரு மாதிரிதானே ரெகுலா?"

ஆமாம் என்றிருந்தால் போதும். வெயிலின் தலையில் போட்டுவிட்டு எல்லோரும் வீட்டுக்குப் போயிருப்போம்.

"வெயில் இல்ல. ட்ரூடி உரம் போட்டாங்க. வேண்டாம்னு சொல்லியும் போட்டாங்க."

ட்ரூடி கைக்குட்டையைத் தேடினாள். "நல்லதுக்குத்தான் செஞ்சேன்" என்றாள், அவ்வளவுதான். பக்கத்தில் இருந்தவர்கள் அவள் தோளைத் தடவினார்கள். யாரும் ரெகுலாவைத் திட்டவில்லை, நாங்கள் திட்டுகிற ஜாதி இல்லை. வாக்கெடுப்பில் கை தூக்கினோம். அவளுக்காகக் கை தூக்கியவர்களை ஒரே மேஜையில் உட்கார வைத்துவிடலாம், என்னையும் சேர்த்து. மற்றவர்களுக்குச் செடி, தேனீ எல்லாம் அந்த நிமிஷமே மறந்துபோயிற்று. ஒரு உண்மையைச் சொன்னதற்கு இவ்வளவு பெரிய தண்டனையை இவ்வளவு மரியாதையாகக் கொடுக்க எங்களால்தான் முடியும்.

எங்கள் வழக்கம் இன்னொன்று உண்டு. வாக்கில் தோற்றவரும் கூட்டு வேலைக்கு வந்தாக வேண்டும், வராவிட்டால் அது தோற்றதைவிடக் கேவலம். சனிக்கிழமை காலை ரெகுலா வந்தாள், கையில் மண்வெட்டியோடு. நான் மணல் மேட்டுப் பக்கம் போனபோது, "அதை நான் பாத்துக்கறேன், நீங்க வேற பக்கம் போங்க" என்றாள். தேனீப் பொந்துகள் இருந்த மேட்டை அவளே வெட்டினாள், அவளே மூட்டை கட்டினாள். ட்ரூடி அவள் அருகில் நின்று மூட்டைகளை வாங்கி வாங்கி எங்களிடம் கொடுத்தாள்.

மத்தியானத்துக்குள் விரிப்பு முழுக்க விரித்தாயிற்று. பேனல்கள் அடிவரை பளிச்சென்று நின்றன. பாஹோஃபன் கரண்டுக் கணக்கைக் கைபேசியில் உயர்த்திக் காட்ட, எல்லோரும் கை தட்டினார்கள். ரெகுலா கையுறையைக் கழற்றி மடித்துக்கொண்டிருந்தாள்.

ட்ரூடி தயங்கித் தயங்கிக் கேட்டாள். "இப்ப சுத்தமா இருக்கு, இல்ல?"

"சுத்தமா இருக்கு," என்றாள் ரெகுலா. "இனிமே இங்க தானா ஒண்ணும் வராது."

ட்ரூடியின் முகம் மலர்ந்துவிட்டது. ரெகுலா சமாதானம் ஆகிவிட்டாள் என்று நினைத்துக்கொண்டு அவள் கையைப் பிடித்தாள். "வராது, வராது! உனக்கும் இனிமே களை புடுங்குற வேலை மிச்சம்."

ரெகுலா கையை இழுத்துக்கொள்ளவில்லை. கீழே சாசேஜ் சுடும் வாசனை வந்தது, எல்லோரும் இறங்கிப் போனோம்.