கால் படாத தண்ணீர்

தண்ணீரிலுள்ள காற்றை அளக்கும் மீட்டரின் கம்பியைப் பிரிஸ்கில்லா விரலிடுக்கில் மெதுவாக நழுவவிட்டாள். நுனியிலிருந்த கருங்குமிழ் பச்சைத் தண்ணீருக்குள் இறங்கி மறைந்தது. எண் ஓரிடத்தில் நிலைகொள்ளச் சற்று நேரமாகும். அந்த நேரத்தில் அவளும் கண்மாய்க் காவல்காரர் வீரணனும் பேசிக்கொள்வதில்லை. துடுப்பை மடியில் கிடத்திக்கொண்டு, மேற்கே மேகம் அடைத்துக் கிடக்கும் மலையைப் பார்த்தபடி பரிசலின் மறுபக்கம் அவர் உட்கார்ந்திருப்பார். பிளவக்கல் அணைக்கும் மலையடிவாரத்துப் பெரிய கண்மாய்களுக்குமாக, மீன்களின் வளர்ச்சியையும் தண்ணீரின் தன்மையையும் பார்த்துச் சொல்லும் களப் பணியில் அவள் அலைந்துகொண்டிருந்தாள். அதில் நொச்சிக்குளம் கண்மாயில் கழியும் விடிகாலைகளே அவளுக்குப் பிடித்தமானவை. யாரும் எதையும் கேட்காத, எதையும் சொல்லத் தேவையில்லாத பொழுது அது.

இன்று மடையை ஒட்டிய பள்ளத்தில் தண்ணீரின் மேல் எங்கு பார்த்தாலும் சிறுசிறு வட்டங்கள். தூறல் விழுவதைப் போலிருந்தது. தூறல் இல்லை. கட்லா மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. மீட்டரில் எண் இரண்டுக்குச் சற்று மேலே நின்றது. குறைந்தது ஐந்து இருக்க வேண்டும்.

"மூச்சு முட்டுது" என்றார் வீரணன்.

"ஆமா அண்ணாச்சி."

"வெயில் ஏறுனா உள்ள போயிரும்."

"ஏறணும்."

இரவெல்லாம் மீனும் பாசியும், சேற்றில் மட்கும் இலைதழையும் சேர்ந்து தண்ணீரிலுள்ள காற்றைக் குடித்துத் தீர்க்கும். வெயில் பட்டதும் அதே பாசி காற்றைத் திருப்பிக் கொடுக்கும். வெயிலில்லாத நாளில் கொடுப்பது குறைவு. பங்குனியில் கண்மாய் சுருங்கி, இருந்த தண்ணீரெல்லாம் இந்தப் பள்ளத்தில் வந்து ஒடுங்கியிருந்தது. அடியில் கரிய சேறு. அது கலங்கினால் மிச்சமிருக்கும் காற்றையும் உறிஞ்சிக்கொள்ளும். மீனைப் பிடித்துவிடலாமென்றால் ஊரில் மாரியம்மன் பொங்கலுக்குக் காப்பு கட்டியிருந்தார்கள். காப்பு அவிழும்வரை கண்மாயில் வலை இறங்காது.

"இன்னைக்குச் சாயங்காலம் பாரி கரைக்காவ" என்றார் வீரணன். மலையைப் பார்த்துத்தான் சொன்னார்.

பிரிஸ்கில்லா கம்பியைச் சுருட்டுவதை நிறுத்தினாள். பொங்கல் என்று அவளுக்குத் தெரியும். முளைப்பாரியைத் தலையில் சுமந்து ஊர்ப் பெண்கள் அத்தனை பேரும் மடையோரம் தண்ணீருக்குள் இறங்குவார்கள் என்பதும் தெரியும். அத்தனை கால்களுக்கும் கீழே இருக்கப்போகும் சேற்றைப் பற்றித்தான் இதுவரை நினைக்கவில்லை.

"வருஷம் பூரா இந்த மீனுக்குக் காவல் கெடந்தேன் மேடம்" என்றார் வீரணன். பிறகு துடுப்பை எடுத்துக் கரையை நோக்கி வலித்தார்.

மீனவர் சங்கத் தலைவர் காசிராஜன் கரைமேல் பைக்கை நிறுத்திவிட்டு நின்றிருந்தார். அவள் சொன்னதை முழுக்கக் கேட்டுக்கொண்டார்.

"நாளைக்குக் காப்பு அவுத்துருவாக. நாள மறுநாள் வலைய எறக்கிருவோம். அதுவரைக்கும் தாங்காதா?"

"கலங்காம இருந்தா தாங்கும். கலங்கிட்டா நாளைக்கு விடியவே தாங்காது சார். பொம்பளையாள்கிட்ட நீங்க ஒரு வார்த்தை சொன்னா..."

"நானா? பாரியோட சேத்து என்னையும் கரைச்சிட்டுத்தான் வீட்டுக்குப் போவாளுவ." சிரித்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "நீங்களும் சொல்லாதீய மேடம். ஒங்களுக்கு எதுக்கு? பேச்சு வேற மாதிரி போயிரும்."

அப்படிச் சொன்னபோது அவர் அவள் கழுத்துப் பக்கம் பார்க்கவில்லை. பார்க்காமலிருக்க அவர் எடுத்துக்கொண்ட கவனம்தான், சங்கிலியிலிருந்த சிலுவையை அவளே தொட்டுப்பார்க்கும்படி செய்தது.

ராஜபாளையத்துக்குத் திரும்பும் பஸ் கரையடியில் நின்று, ஆரன் அடித்துவிட்டுப் போனது. அவள் ஏறவில்லை. புளியமரத்தடியில் உட்கார்ந்திருந்தாள். போன கோடையில் வேறொரு கண்மாயில் அவள் பார்த்த விடியல் நினைவுக்கு வந்தது. வெண்வயிறு மேலே தெரிய, கரையிலிருந்து கரைவரை மீன்கள் மிதந்தன. யாரும் அழவில்லை, யாரையும் ஏசவில்லை. துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு வரிசையாக நின்று பார்த்தார்கள். ஜேசிபி வந்து குழி தோண்டிற்று. அன்று அவளிடம் யாராவது கோபமாக ஒரு சொல் கேட்டிருந்தால் பதில் வைத்திருந்தாள். கேட்கவில்லை. பேசாமலிருப்பது தன் இயல்பு என்று அதுநாள்வரை நினைத்திருந்தவளுக்கு, பேசாமலிருப்பதில் எத்தனையோ வகை உண்டென்று அன்றுதான் தெரிந்தது. தண்ணீரின் நடுவே எண்ணுக்காகக் காத்திருப்பது ஒரு வகை. இப்போது இந்த மரத்தடியில் தான் உட்கார்ந்திருப்பது எந்த வகை என்று யோசித்தாள். யோசித்து முடியுமுன் எழுந்துவிட்டாள்.

பாரி வளர்க்கும் அறை அம்மன் கோயிலுக்குப் பின்னால் இருந்தது. வெளிச்சம் புகாதபடி வாசலில் சாக்கு தொங்கியது. வெளியே பெண்கள் வட்டமாக உட்கார்ந்து பூத்தொடுத்துக்கொண்டிருந்தார்கள். பிரிஸ்கில்லா தூரத்திலேயே செருப்பைக் கழற்றினாள்.

"மீனு மேடமா? வாங்க. பொங்கல் பாக்க வந்தியளா?" என்றார் நாச்சியார். வீரணனின் அண்ணன் மனைவி. பாரி போடுவதிலிருந்து கரைப்பதுவரை அவர் பொறுப்பு.

"அக்கா, இன்னைக்கு யாரும் தண்ணிக்குள்ள எறங்காம இருந்தா நல்லாருக்கும்."

தொடுத்துக்கொண்டிருந்த கைகள் நின்றன.

"எறங்காம எப்படிக் கரைக்கது?"

"சேறு கலங்குனா மீனுக்கு மூச்சு நின்னுரும்க்கா. விடியறதுக்குள்ள அம்புட்டும் மெதந்துரும்."

"எங்க காலு பட்டாலா?" என்றாள் செல்லத்தாய் என்ற இளம்பெண். "வருஷா வருஷம் எங்க காலுதான் படுது. எந்த மீனு செத்துச்சு?"

"மத்த வருஷம் கண்மாய் நெறைய தண்ணி கெடந்துச்சு. இந்த வருஷம் பள்ளத்துல மட்டுந்தான் கெடக்கு. அம்புட்டு மீனும் அங்கதான் நிக்கி."

வாழைநாரிலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருந்தது. வேறு நேரமாக இருந்தால் பிரிஸ்கில்லா சரி என்று சொல்லிவிட்டுத் திரும்பியிருப்பாள். இப்போது வெறுங்காலோடு நின்றுகொண்டிருந்தாள்.

"பின்ன எங்க கரைக்கச் சொல்லுதிய? கெணத்துலயா?" என்றார் நாச்சியார்.

"கண்மாயிலதான்க்கா. மடைக்கல்லுல நின்னு பாரியப் பரிசல்ல எறக்கிக் குடுத்துருங்க. நடுவுல ஆழம். அங்க சேறு எந்திரிக்காது. நானும் வீரணன் அண்ணாச்சியும் கொண்டுபோயிருதோம்."

"வீரணன் வெரதம் இருக்கான், சரி. நீங்க?" நாச்சியாரின் குரலில் கடுமை இல்லை. "தப்பா நெனைக்காதீய. கறி, மீனுன்னு பொழங்குத கை பாரியத் தொடக்கூடாதும்மா."

"நான் மீன் சாப்பிட்டு ஒரு மாசம் ஆகப்போகுதுக்கா. கறியும் இல்ல."

"ஏன், ஒடம்புக்குச் சேரலையா?"

"லெந்து நாள். ஈஸ்டர் வரைக்கும் எங்க வீட்டுல கவிச்சி கெடையாது."

செல்லத்தாய் வாயைப் பொத்திக்கொண்டாள். "கேட்டியளா கதைய. மீனு மேடம் மீனு திங்கமாட்டாவளாம். பொறவு யாருக்கு வளக்குதிய அத?"

வட்டம் முழுக்கச் சிரிப்பு பரவியது. பிரிஸ்கில்லாவும் சிரித்தாள். நாச்சியார் மட்டும் சிரிக்காமல் அவளையும், தூரத்தில் கிடந்த செருப்பையும் பார்த்தார்.

"பரிசல்லயும் செருப்புக் காலோட ஏறக்கூடாது" என்றார். அவ்வளவுதான். மறுபடி பூவை எடுத்துக்கொண்டார். அது சம்மதமா என்று கேட்க பிரிஸ்கில்லாவுக்குத் துணிவு வரவில்லை.

அன்று முழுக்க வெயில் ஏறவே இல்லை. பிற்பகல் எடுத்த எண் காலையில் இருந்ததைவிடக் கொஞ்சம்தான் கூடியிருந்தது. சாயங்காலம் கொட்டுச் சத்தமும் குலவையும் முதலில் வந்தன. பிறகு கரைமேல் பாரிகள் வரிசையாக எழுந்தன. இருட்டில் வளர்ந்த முளைகள், பச்சையுமில்லாமல் மஞ்சளுமில்லாமல், பெண்களின் தலைக்குமேல் ஒரே பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து நிமிர்ந்தன. வீரணன் பரிசலை மடைக்கல்லோடு அணைத்துப் பிடித்திருந்தார். பிரிஸ்கில்லா உள்ளே வெறுங்காலோடு உட்கார்ந்திருந்தாள். பெண்கள் கல்லிலேயே நிற்பார்களா, இறங்குவார்களா என்று யாரும் அவளிடம் சொல்லியிருக்கவில்லை. முன்னால் வந்தவர்களின் கால்கள் பழக்கத்தில் தண்ணீரைப் பார்த்துச் சரிவில் இறங்கின. ஒருத்தியின் கொலுசுக்கால் ஈரமண்ணைத் தொட்டது.

"ஏட்டி, நில்லு" என்றார் நாச்சியார். வேப்பங்குழை பிடித்த கையைக் குறுக்கே நீட்டியிருந்தார். கொட்டு நின்றது.

"காலு நனையாம கரைச்சா ஆத்தா ஏத்துக்கிடுவாளா அத்தே?" செல்லத்தாயின் குரலில் இப்போது கேலி இல்லை. பயம்தான் இருந்தது.

"கேட்டுட்டு வந்து சொல்லுதேன்."

நாச்சியார் தன் பாரியை இறக்கிப் பிரிஸ்கில்லாவின் கையில் கொடுத்தார். மண்சட்டி கனத்தது, குளிர்ந்திருந்தது. பிறகு அவரே பரிசலுக்குள் கால் வைத்தார். பரிசல் சாய்ந்து சுழன்றது. அவர் பிரிஸ்கில்லாவின் முழங்கையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"வீரணா, கவுத்துராதடா."

"கவுந்தா நீந்திருங்க மதினி."

"நீந்தத் தெரிஞ்சா ஒன் பரிசல்ல எதுக்கு ஏறுதேன்."

கல்லிலிருந்து ஒவ்வொரு பாரியாக உள்ளே வந்தது. வைக்க இடமில்லாமல் மடியிலும் வைத்துக்கொண்டார்கள். ஈரமண்ணும் புதுமுளையும் சேர்ந்த வாசனை மூச்சை நிறைத்தது. பரிசல் நகர்ந்தபோது முளைகளுக்கிடையே நாச்சியாரின் முகம் மட்டும் பிரிஸ்கில்லாவுக்குத் தெரிந்தது. அவர் கரையைப் பார்க்கவில்லை, தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். முழங்கையைப் பிடித்த கை தளரவில்லை.

நடுவில் வீரணன் துடுப்பை எடுத்துக்கொண்டார். நாச்சியார் உதட்டுக்குள் ஏதோ சொல்லி, முதல் பாரியை வேரோடு பிடுங்கித் தண்ணீரில் விட்டார். அடுத்ததற்குக் கையை நீட்டினார். பிரிஸ்கில்லா எடுத்துக் கொடுத்தாள். ஒன்றன்பின் ஒன்றாக முளைக்கொத்துகள் மிதந்து விலகின. காற்றில்லை. தண்ணீர் எண்ணெய் போலக் கிடந்தது. கரையில் ஒருவரும் அசையவில்லை.

முதலில் விட்ட கொத்து நடுங்கியது. நின்றது. மறுபடி நடுங்கியது. பக்கத்திலிருந்த இன்னொன்று சாய்ந்து, யாரோ அடியிலிருந்து இழுத்ததைப் போல ஒருபக்கமாக அமிழ்ந்து எழுந்தது. கரையில் ஒரு குலவை கிளம்பியது. அதைத் தொடர்ந்து அத்தனை பேரின் குலவையும் நீர்மேல் வந்தது.

"ஆத்தா வாங்குதா" என்றார் நாச்சியார் மெதுவாக.

பிரிஸ்கில்லா குனிந்து பார்த்தாள். வேர்களுக்கிடையே வட்ட வாய்கள் திறந்து திறந்து மூடின. இரைக்குத் திறக்கும் வாயும் காற்றுக்குத் திறக்கும் வாயும் மேலிருந்து பார்க்க ஒன்றுபோலத்தான் இருந்தன. நிமிர்ந்து வீரணனைப் பார்த்தாள். அவரும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். தூக்கிய துடுப்பு நீரில் படாமல் அவர் கையில் அப்படியே நின்றது. அதன் விளிம்பிலிருந்து சொட்டுகள் விழ, பரிசலைச் சுற்றிலும் வெளிறிய முளைகள் தாமாக நகர்ந்துகொண்டிருந்தன.