மீனின் வாயைத் திறக்கும் கயிறு

1

இந்தக் கதை ஒரு மீனிலிருந்து வந்தது. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

தொண்ணூற்று நான்காம் வருடம், வேலை முடிந்து காலையில் நான் திரும்பும் பஸ், மந்தைவெளியில் ஒரு தேவாலயத்தின் சுற்றுச்சுவரை ஒட்டி வளையும். அந்தத் தேவாலயக் கூடத்தின் மொட்டைமாடியில் ஒரு மீன் கிடந்தது. பன்னிரண்டு அடி நீளம். மூங்கில் பிளாச்சு, கோணிப்பை, வெள்ளித்தாள். வாய் திறந்திருந்தது. மேல்வரிசைப் பல் ஒன்றில் ஒரு கொத்துப் பஞ்சு ஒட்டியிருந்தது. மீனுக்கு எதற்குப் பஞ்சு என்று பல மாதங்கள் யோசித்தேன். பிறகு ஒருநாள் இறங்கி விசாரித்தேன்.

அப்படிக் கிடைத்தவள் ஹெப்சிபா. கதையைப் பதினைந்து நிமிஷத்தில் சொன்னாள். முடிவுக்கு வருவதற்குள் அவள் பஸ் வந்துவிட்டது. ஏறும்போது ஒரு நிபந்தனை போட்டாள்: “எழுதுங்க. ஆனா என்னை நல்லவளா எழுதாதீங்க. படிச்சுப் பாப்பேன்.”

படித்தும் பார்த்தாள், பென்சிலோடு. அவளுடைய குறிப்புகளை அடைப்புக்குள் அப்படியே விட்டிருக்கிறேன்.

2

முதல் தொடக்கம்: “அக்னி நட்சத்திர வெயில் மந்தைவெளித் தெருக்களின் மீது ஒரு...”

நிறுத்திவிட்டேன். மெட்ராஸ் வெயிலை மெட்ராஸ்காரர்களுக்கு விவரிப்பது வெட்டி வேலை.

இரண்டாம் தொடக்கம்: “குழந்தைகளின் சிரிப்பில்...”

இதை எழுதிய கையை எனக்குத் தெரியாது.

மூன்றாவது: “ஹெப்சிபாவுக்கு யோனா கிடைக்கவில்லை.”

இது நிற்கும். இதிலிருந்து போகலாம்.

3

ஹெப்சிபாவுக்கு யோனா கிடைக்கவில்லை. வி.பி.எஸ். தொடங்கி மூன்று நாள் ஆகிவிட்டது.

மே மாதம் பத்து நாள் தேவாலயங்களில் நடக்கும் விடுமுறை வேதாகமப் பள்ளியைத்தான் வி.பி.எஸ். என்பார்கள். காலை ஒன்பதரையிலிருந்து பன்னிரண்டரை வரை பாட்டு, கதை, மனப்பாட வசனம், காகிதத்தில் கப்பல் செய்வது; நடுவில் ஆரஞ்சு ஜூஸும் கிரீம் பிஸ்கட்டும். கடைசி நாள் பெற்றோர்களுக்கு முன்னால் நாடகம். ஹெப்சிபாவுக்கு வயது இருபத்தாறு. ஆபீஸுக்குப் பத்து நாள் லீவு போட்டிருந்தாள்; முதல் தடவையாக அந்த வருடம் அவள்தான் பொறுப்பு.

அதுவரை அங்கே சபைப் பிள்ளைகள் மட்டும்தான். தெருப் பிள்ளைகள் கேட் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு பாட்டுக் கேட்பார்கள். கேட்டைத் திறந்துவிட வேண்டும் என்று ஹெப்சிபா கமிட்டியில் கேட்டாள். செயலர் சத்தியநாதன் ஐயா மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

“ஏம்மா, போன வருஷம் வேறொரு சபையில என்ன நடந்துச்சுன்னு தெரியும்ல? ஒரு தகப்பன் வந்து கேட்ல நின்னு, புள்ளைங்கள மதம் மாத்துறீங்களான்னு தெருவே கூடுற மாதிரி சத்தம் போட்டாரு. நமக்கு எதுக்கு?”

“பெத்தவங்க கையெழுத்தோட லெட்டர் வாங்கிக்கிறேன் ஐயா. லெட்டர் இல்லாம ஒரு புள்ளையும் உள்ள வராது.”

“ஒரே ஒரு புகார் வந்துச்சுன்னா, அடுத்த வருஷம் கேட்டுக்குப் பூட்டு. என்கிட்ட வந்து அழக்கூடாது.”

வெளியிலிருந்து முப்பத்தெட்டுப் பிள்ளைகள் வந்தார்கள். முப்பத்தெட்டு லெட்டர்கள் ஒரு நீல ஃபைலில் சேர்ந்தன.

யோனாதான் வரவில்லை. கதை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: கடவுள் யோனாவை ஓர் ஊருக்குப் போகச் சொல்கிறார். அவனுக்குப் பிடிக்கவில்லை. எதிர்த்திசையில் கப்பலேறி ஓடுகிறான். புயல் வருகிறது. கடலில் தூக்கிப் போடுகிறார்கள். ஒரு பெரிய மீன் விழுங்கி, மூன்று நாள் கழித்துக் கரையில் கக்குகிறது.

பேச்சுக் கேட்காதவன் வேஷத்துக்குத் தன் பிள்ளையை அனுப்ப எந்தச் சபை அம்மாவும் தயாராயில்லை. “எங்க பிள்ளை தேவதூதனா வரட்டுமே” என்றார்கள். இந்தக் கதையில் தேவதூதனே கிடையாது. நான்கு அம்மாக்கள் கேட்டதால் நான்கு தேவதூதர்கள் சேர்க்கப்பட்டார்கள். கப்பலில் மாலுமிகளை விட அவர்கள் அதிகம்.

4

நான்காம் நாள் ஹம்சினி வந்தாள். பத்து வயது. அடுத்த தெரு. ஏற்கெனவே வந்துகொண்டிருந்த தன் எதிர்வீட்டு ஸ்ரீநாத்தின் பின்னால் வந்து நின்று, கூடத்தின் கடைசிச் சுவர் அதிரும்படி, “மிஸ், நானும் சேந்துக்கலாமா?” என்று கேட்டாள். மைக் இல்லாமல்.

“லெட்டர் வேணுமே.”

“நாளைக்கு எடுத்துண்டு வரேன்.”

கொண்டுவந்தாள். “என் மகள் தங்கள் முகாமில் கலந்துகொள்வதில் எனக்கு யாதொரு ஆட்சேபணையும் இல்லை. இப்படிக்கு, எஸ். ராஜகோபாலன்.” கையெழுத்து ஊதா நிற ஸ்கெட்ச் பேனாவில் இருந்தது. அதன் கீழே அதே பேனாவில் ஐந்து இதழ் கொண்ட ஒரு பூ.

ராஜகோபாலன் கணக்குத் தணிக்கை அலுவலகத்தில் அதிகாரி. தணிக்கை அதிகாரிகள் கையெழுத்துக்குக் கீழே பூ போடுவதில்லை.

ஹெப்சிபா அந்தப் பூவைப் பார்த்தாள். நன்றாகவே பார்த்தாள். லெட்டரை ஃபைலில் நடுவில், பதினேழாவதுக்கும் பதினெட்டாவதுக்கும் இடையில் செருகினாள்.

(பென்சில்: “ஏன்னு எழுதலையே. யோனா கிடைச்சா போதும்னு இருந்துச்சு. அதை எழுதுங்க.”)

எழுதிவிட்டேன்.

5

ஹம்சினியின் வீட்டில் அந்த மூன்று மணி நேரமும் அவள் இந்தி வகுப்பில் இருப்பதாக நம்பிக்கொண்டிருந்தார்கள். இந்தி வாத்தியார் தன் பங்குக்கு, ஹம்சினிக்கு அம்மை போட்டிருப்பதாக நம்பிக்கொண்டிருந்தார். ஸ்ரீநாத் வாயைத் திறக்காமலிருக்கத் தினமும் அவளுடைய கிரீம் பிஸ்கட் அவனுக்குப் போனது.

“உனக்கு இங்கே என்ன பிடிச்சிருக்கு?” என்று ஹெப்சிபா ஒருநாள் கேட்டாள்.

“அங்க கத்தினா அடி. இங்க கத்தலைன்னா திட்டறேள்” என்றாள் ஹம்சினி.

ஏழாம் நாள் யோனா கதையின் கடைசிப் பகுதி. கக்கப்பட்ட யோனா ஊருக்குப் போகிறான், ஊர் திருந்துகிறது, கடவுள் மன்னித்துவிடுகிறார், யோனாவுக்குக் கோபம். கடவுள் அவனிடம் ஒரு கேள்வி கேட்கிறார். அதோடு கதை முடிகிறது.

“யோனா என்ன பதில் சொன்னான் மிஸ்?”

“எழுதலை.”

“எழுதலைன்னா? யாராவது பேப்பரைக் கிழிச்சுட்டாளா?”

“இல்ல, அவ்ளோதான் கதை.”

“மோசம்” என்றாள் ஹம்சினி. மற்ற எல்லாப் பிள்ளைகளும் ஆமோதித்தார்கள்.

மீனைச் செய்தவர் வெள்ளைச்சாமி. பந்தல்காரர்.

“இன்னா மேடம், மீனுக்குப் பல்லு வோணுமா?”

“இந்த மீன் கடிக்காதுங்க. முழுங்கும், அவ்ளோதான்.”

“பல்லு இல்லாத மீனைப் பாத்தா புள்ளைங்க சிரிச்சிக்கினு பூடும். ஆறு வெக்கறேன்.”

மேல்தாடையைத் தூக்க ஒரு கப்பி, ஒரு கயிறு. கயிற்றை வேறு யாரிடமும் தரமாட்டேன் என்று மேடை ஓரத்தில் அவரே நின்றார். மீன் கக்கும் இடத்தில் எல்லாப் பிள்ளைகளும் சேர்ந்து “உவ்வே!” என்று கத்த வேண்டும். ஒத்திகையில் அதை மட்டும் பதினொரு தடவை செய்தார்கள். தேவையே இருக்கவில்லை. அவர்கள் விடவில்லை.

6

கடைசி நாள், காலை பதினொன்று. மந்தைவெளி முழுக்கக் கரண்ட் இல்லை. கூடத்தில் மட்டும் வாடகை ஜெனரேட்டர் உறுமிக்கொண்டிருந்தது. எட்டு ஃபேன்களும் சுற்றின.

ஸ்ரீநாத்தின் அம்மா ஜானு, தன் மகன் மூன்றாவது அலையாக வருவதைப் பார்க்கக் கிளம்பினாள். கிளம்பும்போது எதிர்வீட்டு வாசலில் விசிறியோடு நின்றவளைப் பார்த்துச் சொன்னாள்: “வாங்கோளேன், குழந்தைகள் டிராமாவாம். ஃபேன் ஓடறதாம்.”

எதிர்வீட்டு வாசலில் நின்றவள் ஸ்ரீலக்ஷ்மி. ஹம்சினியின் அம்மா.

டிராமாவுக்கு வந்தாளா, ஃபேனுக்கு வந்தாளா என்று கேட்டால், ஃபேனுக்குத்தான். இரண்டாவது வரிசையில், ஒரு ஃபேனுக்கு நேர் கீழே உட்கார்ந்தாள்.

யோனா தலைப்பாகையும் பஞ்சுத் தாடியுமாக மேடைக்கு வந்து, கடவுளுக்கு முதுகைக் காட்டிவிட்டுக் கப்பலேறினான். ஜெனரேட்டரையும் தாண்டி அவன் குரல் வாசல்வரை கேட்டது. அலைகள் புரண்டன. தேவதூதர்கள் காரணமில்லாமல் நின்றார்கள். ஸ்ரீலக்ஷ்மி கைதட்டிச் சிரித்தாள்.

“யாருடி ஜானு இந்தப் பையன்? வெளுத்து வாங்கறான்!”

ஜானுவுக்குத் தெரியாது. மூன்றாவது அலை பல்லைக் கடித்துக்கொண்டு புரண்டது.

மீன் யோனாவை விழுங்கியது. வெள்ளைச்சாமி கயிற்றை விட்டார், வாய் மூடியது. பலத்த கைதட்டல். உள்ளே மூன்று நாள் கழிய வேண்டும். அதற்கு ஒரு பாட்டு. பாட்டு முடிந்தது. பிள்ளைகள் “உவ்வே!” என்று கத்தினார்கள். வெள்ளைச்சாமி கயிற்றில் கை வைத்தார்.

உள்ளேயிருந்து ஒரு குரல்: “தொறக்காதீங்கோ!”

7

ஹெப்சிபா வால் பக்கமாகத் தவழ்ந்து மீனுக்குள் போனாள். (பென்சில்: “சேலையில. அதையும் எழுதுங்க. பின்னாடி நின்ன சத்தியநாதன் ஐயா கண்ணை மூடிக்கிட்டார்.”)

உள்ளே கோணி நாற்றம், அடுப்புக்குள் இருப்பது போன்ற சூடு. ஹம்சினி முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மைதாப் பசை வியர்வையில் கரைந்து, தாடி அவள் மடியில் கிடந்தது.

“அம்மா வந்திருக்கா மிஸ். மீன் கண்ணு வழியாப் பாத்தேன். ஃபேனுக்குக் கீழ.”

“லெட்டர்ல இருக்கறது அப்பா கையெழுத்து இல்லைன்னு எனக்குத் தெரியும்.”

“தெரியும்னு எனக்கும் தெரியும். நீங்க பூவைப் பாத்தேள்.”

 ஹெப்சிபாவின் கையில் பசைக் கிண்ணம் இருந்தது. நாடகம் நடத்துகிறவர்கள் எதற்கும் இருக்கட்டும் என்று கையில் வைத்திருப்பது. தாடியை ஒட்டிவிட்டால் யோனா வெளியே போய், வணங்கி, வால் பக்கமாக நழுவி வீட்டுக்கே போய்விடலாம். அடுத்த வருஷமும் கேட் திறந்தே இருக்கும். ஒட்டாவிட்டால் இரண்டாவது வரிசையில் ஓர் அம்மா எழுந்திருப்பாள். நீல ஃபைலைப் பிரிப்பார்கள். பூ வெளியே வரும்.

“ஒட்டவா, வேண்டாமா?” என்று கேட்டாள் ஹெப்சிபா.

“ஒட்டலைன்னா நீங்க அம்மாகிட்ட என்ன சொல்வேள்? அதை முதல்ல சொல்லுங்கோ. அப்புறம் நான் சொல்றேன்.”

ஹெப்சிபாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மீனின் வயிறு குலுங்கியது. வெளியே அதை நடிப்பென்று நினைத்து மறுபடி கைதட்டினார்கள்.

8

இங்கேதான் அவள் பஸ் வந்தது. மீதி என் பாடு.

முடிவு அ: தாடியை ஒட்டுகிறார்கள். யாருக்கும் தெரிவதில்லை. (பென்சில்: “இப்படி நடந்திருந்தா இந்தக் கதையை உங்ககிட்ட சொல்லியிருக்கவே மாட்டேன்.” நியாயம்தான். அடித்துவிட்டேன்.)

முடிவு ஆ: வெறும் முகத்தோடு ஹம்சினி வெளியே வருகிறாள். ஸ்ரீலக்ஷ்மி பாய்ந்து வந்து அவள் காதைப் பிடித்து... இதை முடிக்கவில்லை. ஃபேனுக்காக வந்து, யாரோ பையனென்று மனசு விட்டுக் கைதட்டியவளை ஒரே பத்தியில் வில்லியாக்க எனக்கு உரிமை இல்லை.

முடிவு இ: ஸ்ரீலக்ஷ்மியின் மேல் எனக்கு ஒரு சந்தேகம். பத்து வருடம் அந்தக் குரலோடு ஒரே வீட்டில் இருந்தவள். தினமும் காலையில் “அம்மா, என் சீப்பு எங்கே?” என்று ஜன்னல் அதிர மகள் கத்துவதைக் காதில் வாங்கியவள். ஒரு தாடி போதுமா அவளை ஏமாற்ற? “யாருடி இந்தப் பையன்?” என்று மேடைக்குக் கேட்கும்படி அவ்வளவு சத்தமாக ஏன் கேட்டாள்?

இது எனக்குப் பிடித்த முடிவு. அதனாலேயே இதை நம்பவில்லை.

கையில் இருக்கும் சாட்சிகள் இரண்டே. தாடியில் ஒரு கொத்து, மீனின் பல்லில் மாட்டிக்கொண்டு நின்றது. முகத்தில் ஒட்டியபடி வெளியே வரும்போதும் மாட்டியிருக்கலாம், முகத்திலிருந்து கழற்றி எறியும்போதும் மாட்டியிருக்கலாம். இன்னொன்று: தொண்ணூற்று ஐந்து மே மாதம் அந்த மீனுக்குப் புதிதாக வெள்ளித்தாள் ஒட்டியிருந்தார்கள். பஞ்சை யாரும் எடுக்கவில்லை. அன்று பஸ் ஜன்னலிலிருந்து கேட்டில் பூட்டு தொங்குகிறதா என்றும் பார்த்திருக்கலாம். மீனையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டேன்.

முடிவு என்ன என்று ஹெப்சிபாவுக்கு எழுதிக் கேட்டேன். கடைசிப் பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் ஒரே வார்த்தை வந்தது: “எழுதலை.” அதற்குக் கீழே பென்சிலாலேயே ஒரு பூ. ஐந்து இதழ்.

ஆகவே கூடம் அப்படியே இருக்கட்டும். ஃபேன்கள் சுற்றட்டும். மீனுக்குள் இரண்டு பேர், நடுவில் ஒரு தாடி, ஒரு கிண்ணம் பசை. வெளியே பிள்ளைகளுக்குப் பொறுமை போய்விட்டது. யாரும் சொல்லாமலே “உவ்வே! உவ்வே!” என்று தாளம் போட்டுக் கத்துகிறார்கள். அலைகள் கத்துகின்றன, தேவதூதர்கள் கத்துகிறார்கள். இரண்டாவது வரிசைப் பக்கமிருந்து ஒரு பெரியவளின் குரலும் அதில் சேர்ந்துகொள்கிறது, எல்லோரையும் விடச் சத்தமாக. அந்தக் குரல் எந்த வீட்டுக் குரல் என்று மீனுக்குள் இருக்கும் ஒருத்திக்கு நிச்சயம் தெரியும்.

மேடை ஓரத்தில் வெள்ளைச்சாமி கயிற்றை விறைப்பாக இழுத்துப் பிடித்தபடி இந்தப் பக்கம் திரும்புகிறார். உங்களைத்தான் பார்க்கிறார்.

“கவுறு கையை அறுக்குதுபா. தொறக்கவா, வோணாவா?”