அரித்துப் பார்த்த கீரை

தங்கச் சுரங்கத் தொழிலாளர்கள் குடியிருக்கும் ஸ்கெலட்டன் லைன் வீடுகளில் பதினோரு பேருக்கு மஞ்சள் காமாலை கண்டதும், சுகாதார இன்ஸ்பெக்டர் டக்ளஸ் நேரே கிருஷ்ணம்மாவின் கொத்தமல்லிப் பாத்தியில் வந்து நின்றார். கக்கூஸ் பக்கமாக ஓடிவரும் சாக்கடையைத்தான் அவள் பாத்திக்குத் திருப்பியிருந்தாள். குடிக்கவே தண்ணீர் இல்லாத ஊரில் வேறு எதைத் திருப்புவது?

"இந்தத் தண்ணில வைரஸ் இருக்கும்மா. இலைமேல ஒட்டிக்கும். பச்சையா சாப்பிட்டா காமாலை. கண்ணுக்குத் தெரியாது. ஞாயித்துக்கிழமைக்குள்ள எல்லாத்தையும் பிடுங்கிடணும்."

கிருஷ்ணம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மூன்று வருஷம் கல் பொறுக்கி உண்டாக்கிய மண் அது. "கண்ணுக்கே தெரியாததுக்கா சார் என் தோட்டத்த அழிக்கணும்?"

அவள் புருஷன் ராஜப்பாவுக்குச் சுரங்கத்துக் கல்லை அரைக்கும் மில்லில் வேலை. இடித்த கல்மாவைத் தட்டில் தண்ணீர் விட்டுச் சுழற்றி, அடியில் தங்கம் நிற்கிறதா என்று பார்ப்பவன். "கல்லுலகூடத்தான் தங்கம் தெரியாது. அரிச்சா வந்து நிக்குதில்ல? இதையும் அரிச்சிப் பாத்துடலாம்" என்றான். லைனுக்கே அது நியாயமாகப் பட்டது.

ஞாயிறு காலை எல்லோரும் கூடினார்கள். நாலு கட்டு கொத்தமல்லியை உரலில் இடித்து, அதில் ஒரு கை அள்ளி, ராஜப்பா குந்தி உட்கார்ந்து தட்டைச் சுழற்றினான். அடியில் வெறும் மணல். பூதக்கண்ணாடி வைத்தும் பார்த்தான்.

"ஒண்ணும் இல்ல!"

விசில் பறந்தது. பாத்தியைப் பிடுங்க வந்த டக்ளஸ், லைனே குறுக்கே நின்றதால், தலையில் அடித்துக்கொண்டு சைக்கிளில் ஏறினார். உரலில் மிஞ்சியதை உப்பு மிளகாய் சேர்த்துத் துவையலாக்கி எல்லோரும் வழித்துத் தின்றார்கள். ஜெயித்த ஜோரில் ராஜப்பா இரண்டு உருண்டை தின்றான். பரிமாறியே ஓய்ந்த கிருஷ்ணம்மாவுக்கு ஒரு துளி மிஞ்சவில்லை.

ஒரு மாசத்தில் ராஜப்பா சோற்றைக் கண்டாலே குமட்டி, கண் மஞ்சளாகிப் படுத்தான். அடுத்தடுத்து முப்பது வீடு. தான் மட்டும் கல்லுமாதிரி இருப்பது ஏன் என்று யோசித்த கிருஷ்ணம்மாவுக்கு, அந்தத் துவையலைத் தான் மட்டும் தின்னாதது நினைவுக்கு வந்தது. மண்வெட்டியோடு பாத்திக்கு ஓடினாள்.

அங்கே பக்கத்து வீட்டு சரோஜம்மாவின் தலைமையில் டம்ளரும் கையுமாக ஒரு கும்பல். பாத்தி ஓரம் கீழாநெல்லி மண்டியிருந்தது. காமாலைக்கு அதைப் பச்சையாக அரைத்துத்தானே குடிப்பார்கள்!

"தொடாதீங்க! என் தண்ணிலதான் கிருமி கீது. என் வூட்டுக்காரர நானே படுக்க வச்சிட்டேன்!" கிருஷ்ணம்மா கதறினாள்.

சரோஜம்மா மண்வெட்டியை மெல்லப் பிடுங்கிக்கொண்டாள். "இன்னாக்கா பேசற? எங்க எதிர்லதானே அரிச்சிப் பாத்தாரு? கவலைல உனுக்கு புத்தி கலங்கிடுச்சி."

நாலு பெண்கள் அவளைக் கையைப் பிடித்து உட்கார வைத்தார்கள். சரோஜம்மா கீழாநெல்லியை வேரோடு பறித்து, மண் போக அந்தச் சாக்கடை வாய்க்காலிலேயே அலசி அரைத்து, முதல் டம்ளரை ராஜப்பாவுக்குக் கொடுத்தனுப்பினாள்.