அவருக்கு என்றொரு பிளாப்பி

கணினி வந்த புதிதில் அதற்குக் கையேடு எழுதியவர் அவர். முந்நூற்றுப் பன்னிரண்டு பக்கம், சுருள் கம்பி போட்ட புத்தகம். அலுவலகத்தில் அவருக்குப் பெயரே 'கையேடு'தான். இப்போது போன் வாங்கினால் பெட்டிக்குள் ஒரு துண்டுச்சீட்டு வைக்கிறார்களே, அதைப் பார்த்தாலே அவருக்குப் பற்றிக்கொண்டு வரும். "படிக்கத் தெரிஞ்சவனே இல்லைன்னு முடிவு பண்ணிட்டானுங்களா?" என்பார். யாரிடம்? சுவரிடம்தான். மனைவி இறந்துபோய் இருபத்தோரு வருடம் ஆகிறது.

அந்தக் கையேட்டை அச்சுக்குத் தட்டச்சு செய்து கொடுத்தவளும் அவளே. போன வாரம் தூசி தட்டப்போய், புத்தகத்துக்குள்ளிருந்து ஒரு சின்ன பிளாப்பி டிஸ்க் விழுந்தது. மேலே அவள் கையெழுத்தில் 'அவருக்கு' என்று ஒரே வார்த்தை. மனிதருக்கு நாலு நாள் தூக்கம் போயிற்று. இத்தனை வருடம் கழித்து அவள் பேச வருகிறாள் என்றால் சும்மாவா?

ஊரெல்லாம் அலைந்து, பிளாப்பி போடும் பழைய மெஷின் வைத்திருந்த ஒரு ரிப்பேர் கடையைக் கண்டுபிடித்தார். கடை நடத்துகிற பெண் நல்ல மாதிரி. டிஸ்க்கை அவளிடம் கொடுக்குமுன், ஓரத்துத் துவாரத்தின்மேல் ஒரு துண்டு டேப்பை அழுத்தி ஒட்டினார்.

"எதுக்கு சார்?"

"பூட்டறேம்மா. இனி இதுல எழுதவும் முடியாது, அழிக்கவும் முடியாது."

போட்டார்கள். கரகரவென்று சுற்றியது. டிஸ்க்கைப் படிக்க முடியவில்லை, அழித்துப் புதிதாகத் தயார் செய்யவா என்று திரை கேட்டது.

"வேண்டாம் சார், எடுத்துடலாம்."

"அட, சரின்னு அமுக்கும்மா! பூட்டின டிஸ்க்னா முடியாதுன்னு சொல்லிட்டு நின்னுடும். அந்தச் சுத்துல, டிஸ்க்கைப் படிக்கிற ஹெட் சரியா உக்காந்து அடுத்த தடவை படிச்சிடும். எத்தனை பேருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கேன்!"

அமுக்கினாள். மெஷின் முடியாது என்று சொல்லவில்லை. பத்து சதவீதம் என்றது. இருபது என்றது.

"ஐயோ சார், அழியுது!" அவள் பாய்ந்து ஒயரைப் பிடுங்கினாள். திரும்ப மாட்டி, மூன்று தடவை போட்டுப் பார்த்தாள். ஒன்றுமே இல்லை.

அவர் உத்தியோகத்தில் பாதிக் காலம் கையாண்டதெல்லாம் பெரிய பிளாப்பி. அதில் ஓரத்து வெட்டை ஒட்டி மூடினால் பூட்டு. சின்னதில் அப்படியே தலைகீழ்: துவாரம் திறந்திருந்தால்தான் பூட்டு, மூடினால் திறப்பு. அவருக்குத் தெரியாதா? தெரியும். பாழாய்ப்போன கை பழைய ஞாபகத்தில் போய்விட்டது.

"அதுல என்ன சார் இருந்தது?"

"தெரியலம்மா." டேப்பை நகத்தால் உரித்தார். உரித்து என்ன ஆகப்போகிறது? "அவ பூட்டித்தாம்மா வெச்சிருந்தா."