அடியேன் குடிவந்த வீடு

தாசன்விளை சபைக்குப் புது ஜெபப்புத்தகம் வந்ததும், பழைய புத்தகத்திலிருந்து நீக்கப்பட்ட சொற்களை வீட்டுக்கு ஒன்றாகச் சபையார் அழைத்துப்போனார்கள். சொற்களுக்கு வேறு போக்கிடம் கிடையாது. 'அடியேன்' ஜெயசீலி டீச்சர் வீட்டுக்கு வந்தது.

அதுதான் நியாயம் என்றார்கள். அதை நீக்கச் சொன்னதே அவள்தான். "நாம கடவுளோட பிள்ளைங்க. எந்தப் பிள்ளையாவது அப்பாகிட்டப் போய் அடியேன்னு நிக்குமா? இந்தச் சொல்லை வாயில வச்சுக்கிட்டு நம்ம சனங்க அடுத்தவன் வாசல்ல நின்னது போதும்" என்று சபைக் கமிட்டியில் பேசினாள். கேட்டுக்கொண்டிருந்த போதகர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அடியேன் ஒரு துணிப்பையோடு வந்தது. மெலிந்த தேகம், சலவை வேட்டி, லேசான கூன். பெங்களூரில் வேலைபார்க்கும் மகனின் மாடி அறையை ஜெயசீலி அதற்கு ஒழித்துக் கொடுத்தாள். சாப்பாட்டு மேசையில் கணவர் அருமைநாயகத்துக்கு எதிரே நாற்காலி போட்டாள். அடியேன் சுவரோரமாகவே நின்றது.

"இங்க நீங்களும் எங்களை மாதிரிதான். உக்காருங்க."

நாற்காலி நுனியில் உட்கார்ந்தது.

முதல் வாரம் அது தன் தட்டை மட்டும் கழுவியது. ஜெயசீலி வேண்டாம் என்றாள். அடுத்த வாரம் எல்லார் தட்டையும் கழுவியது. பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிட்டதால் அவள் அப்படியே கிளம்பிப் போனாள். பிறகு தண்ணீர் பிடித்தது, வாசல் தெளித்தது, அருமைநாயகத்தின் சட்டைகளைத் தேய்த்து வைத்தது. எதையும் அவள் செய்யச் சொன்னதில்லை. தடுக்கவுமில்லை. நாற்காலி இடத்தை அடைக்கிறது என்று பின்கட்டுக்குப் போனது. கூடவே அடியேனும் போனது. 'நீங்க' எந்த நாளில் 'நீ' ஆனது என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது.

சபையார் கூடிச் சாப்பிடும் அசனப் பண்டிகைக்கு என்னென்ன சமைப்பது என்று பேச ஒருநாள் போதகரின் மனைவி வந்தார். ஊரில் அவரை ஐயரம்மா என்பார்கள். அடியேன் தட்டில் டீ கொண்டுவந்து, இரண்டடி தள்ளிக் குனிந்து நின்றது. ஐயரம்மா அதையே பார்த்தார்.

"டீச்சர், இது நம்ம அடியேன் மாதிரில்ல இருக்கு?"

ஜெயசீலிக்குக் காது மடல் சுட்டது. கமிட்டியில் பேசியதெல்லாம் வரிவரியாக ஞாபகம் வந்தது.

"இல்லம்மா. இது வேலைக்கு வச்சிருக்கிற ஆளு."

"ஆமாம்மா" என்றது அடியேன். அவளைக் காப்பாற்றிவிட்டு உள்ளே போனது.

"டீ நல்லா இருக்கு" என்றார் ஐயரம்மா. அதற்குப் பிறகு அவர் சொன்ன எதுவும் ஜெயசீலியின் காதில் விழவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் பாவ அறிக்கை வந்தது. புதுப் புத்தகத்தில் அது 'நான்' என்று தொடங்குகிறது. எல்லாரும் முழங்காற்படியிட்டுச் சொன்னார்கள். ஒவ்வொருவர் வாயிலிருந்தும் வந்த 'நான்', அவரவர் பக்கத்திலேயே முழங்காற்படியிட்டது. ஜெயசீலியின் நான் மட்டும் நின்றது. நல்ல உயரம். அவள் கட்டியிருந்த அதே பச்சைப் பட்டைக் கட்டியிருந்தது. அவள் அதன் கையைப் பிடித்துக் கீழே இழுத்தாள். முழங்கால் மடங்கவில்லை.

"டீச்சர், கொஞ்சம் மறைக்குது" என்றார் பின்வரிசையில் ஒருவர், தணிந்த குரலில்.

போதகர் காத்திருந்தார். பாடகர் குழு காத்திருந்தது. ஐயரம்மா மட்டும் திரும்பிப் பார்க்கவில்லை. அதைத்தான் ஜெயசீலியால் தாங்க முடியவில்லை. எழுந்து, தலையைக் குனிந்துகொண்டே வரிசைகளுக்கு நடுவே நடந்து வெளியே போனாள். நான் அங்கேயே நின்றது.

வீட்டுப் பின்கட்டில் அடியேன் சாளை மீனுக்குச் செதில் உரசிக்கொண்டிருந்தது. ஜெயசீலி பட்டுச் சேலையோடு அதன் எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

"அன்னைக்கு ஐயரம்மாகிட்ட உங்களை வேலைக்கு வச்ச ஆளுன்னு சொன்னது…"

பேச்சு அங்கேயே நின்றுவிட்டது. அடுத்து வரவேண்டிய சொல் அவளிடம் இல்லை. அது கோயிலில் நின்றுகொண்டிருந்தது.

"யாரு சொன்னது?" என்று கேட்டது அடியேன். குரலில் கோபமில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டது.

"வாய் தவறி வந்துட்டு."

"யாரு வாய்?"

நாங்க என்று சொல்லிப் பார்க்கலாம். அருமைநாயகத்தையும் சேர்த்து இழுப்பதாகிவிடும். மீன் செதில் ஒன்று பட்டுச் சேலையில் ஒட்டியிருந்தது. அதை நகத்தால் சுரண்டி எடுத்தாள்.

"அடியேன்" என்றாள்.

சொன்னதும் அழுகை வந்தது. அடியேன் அவள் அழுது முடிக்கும்வரை பொறுத்திருந்தது. பிறகு கத்தியை அவள் கையில் கொடுத்துவிட்டு எழுந்து, கைகழுவி, கால் நீட்டிச் சாய்ந்து உட்கார்ந்தது. அதன் முதுகு நேராக இருந்தது.

"பெரிசா ரெண்டு மீன் எனக்கு எடுத்து வைங்க" என்றது.

அவள் மசாலா தடவி, சட்டியில் எண்ணெய் ஊற்றினாள். முதல் ஈடு வெந்துகொண்டிருந்தபோது கோயில் மணியடிக்கும் கோயில்பிள்ளை தாவீது, அவள் விட்டுவந்த ஜெபப்புத்தகத்தைக் கொண்டுவந்து கொடுத்தார்.

"ஆராதனை முடிஞ்சுதா?" என்று கேட்டாள்.

"முடிஞ்சுது டீச்சர். உங்க நான் வெளிய வர வாசல் பத்தல. உயரம் கூடிக்கிட்டே போகுது. அதனால கமிட்டி அங்கேயே கூடி, அதைச் செயலாளரா ஏகமனதாத் தேர்ந்தெடுத்துட்டாங்க. கையெழுத்துகூட உங்க கையெழுத்து மாதிரியேதான் போடுது."

"சாப்பிட்டுட்டுப் போங்க" என்றாள் ஜெயசீலி. சட்டியில் மீனைப் புரட்டிப் போட்டாள்.