நோயில்லாத இலை

ஒரு தட்டுக்கு இருபத்தாறு மணி நேரம். இது மூன்றாவது தட்டு.

திராட்சை இலையை அரைத்துச் சாறெடுத்து, தட்டில் எதிர்ப்பொருள் பூசிய குழிகளில் விட்டு, கழுவி, மறுபடி கழுவ வேண்டும். வைரஸ் இருந்தால் கடைசியில் குழி மஞ்சளாகும். ஒப்பிட்டுப் பார்க்க நோயுள்ள இலை ஒன்று, நோயில்லாத இலை ஒன்று. முன்னது மஞ்சளாக வேண்டும். பின்னது ஆகவே கூடாது. முதல் இரண்டு தட்டிலும் அதுவும் மஞ்சளாகிவிட்டது.

"வீட்டுல பாத்திரம் கழுவுற மாதிரி கழுவினா இப்படித்தான்," என்றார் சித்தப்பா. ஆய்வகப் பொறுப்பு அவருடையது. எனக்கு இந்த வேலையை வாங்கிக் கொடுத்தவரும் அவர்தான்.

வீட்டுப் பாத்திரத்தையும் நான் நன்றாகத்தான் கழுவுவேன்.

வெளியே பெஞ்சில், சோதிக்க இலை கொடுத்த திராட்சைத் தோட்டக்காரர். அவர் நடவுக்கு வெட்டிய குச்சிகள் ஈரச் சாக்கில் வாடிக்கொண்டிருந்தன. இன்று முடிவு வராவிட்டால் அவ்வளவும் அடுப்புக்குத்தான்.

"என்னம்மா, இன்னைக்காவது பாஸா ஃபெயிலான்னு சொல்லிடுவீங்களா? என் பொண்ணு பரீட்சைக்குக்கூட நான் இப்படி உக்காந்ததில்ல."

"மத்தியானம் தெரிஞ்சிடும்ணே."

ஒப்பிட்டுப் பார்க்கப் புட்டியில் வைத்திருந்த பழைய, நோயில்லாத இலைத்தூள் தீரப் போகிறது என்று, இந்த மூன்று தட்டுக்கும் சித்தப்பாவே தன் வீட்டுப் பந்தலிலிருந்து இலை பறித்து வந்திருந்தார். "என் கொடி ஒரு தடவைகூட தும்மினது கிடையாது," என்பார். கேட்டவர்களுக்கெல்லாம் அதிலிருந்து குச்சி வெட்டிக் கொடுப்பார்.

மூன்றாவது தட்டில், அவரிடம் கேட்காமல், புட்டியின் அடியைச் சுரண்டிப் பழைய தூளையும் சேர்த்திருந்தேன்.

மத்தியானம் தட்டை வெளிச்சத்தில் பிடித்தேன். சாறு விடும் பிப்பெட்டை அழுத்தி அழுத்திக் கட்டைவிரல் மரத்திருந்தது. தோட்டக்காரரின் இலைகள் எதுவும் நிறம் மாறவில்லை. பழைய தூளும் மாறவில்லை. நோயுள்ள இலை மஞ்சள். அதே மஞ்சள் இன்னும் இரண்டு குழிகளில்.

சித்தப்பா எட்டிப் பார்த்தார். "மறுபடியுமா? உன்னை வெச்சுக்கிட்டு நான் என்னதான் பண்றது! கொட்டிட்டு நாளைக்குப் புதுசா போடு. அவரை வீட்டுக்குப் போகச் சொல்லு."

கதவு திறந்திருந்தது. தோட்டக்காரர் எழுந்து செருப்பைத் தேடினார்.

"கொட்ட வேணாம் சித்தப்பா."

"என்னது? சத்தமா பேசு."

"அவரோட கொடி சுத்தமா இருக்கு. குச்சியை நடலாம்." தட்டை அவர் பக்கம் நீட்டினேன். "பழைய தூளையும் வெச்சுப் பாத்துட்டேன். நான் ஒழுங்காத்தான் கழுவியிருக்கேன். வைரஸ் உங்க வீட்டுக் கொடியிலதான் இருக்கு."